மஸாபின் ஐந்து ஊர்கள் பிறந்த கதை

அல்ஜீரியாவின் தெற்கே, வார்க்லா என்னும் பாலைவன நகரத்துக்குப் பக்கத்தில், மணலுக்கு அடியில் ஓர் ஊர் கிடக்கிறது. பெயர் செத்ராத்தா. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கங்கே தோண்டிப் பார்த்தார்கள். 1950களின் தொடக்கத்தில் மார்கரீத் வான் பெர்ஷெம் என்ற சுவிஸ் ஆய்வாளர், விமானத்திலிருந்து எடுத்த படங்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு முறையாகத் தோண்டினார். மணலை விலக்க விலக்கச் சுவர் சுவராகச் சுதை வேலைப்பாடு வெளியே வந்தது. வட்டத்துக்குள் வட்டம், நட்சத்திரம், இதழ் விரிந்த பூக்கள், வளைவுகளின் ஓரமெங்கும் நுணுக்கமான செதுக்கல். ஒரு விரற்கடை இடத்தைக்கூட வெறுமையாக விட மனம் வராதவர்கள் செய்த வேலை அது.

அங்கிருந்து வடமேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போனால் மஸாப் பள்ளத்தாக்கு. பத்துக் கிலோமீட்டருக்குள் ஐந்து மேடுகள், மேட்டுக்கு ஓர் ஊர்: எல் அத்தூஃப், பூ நூரா, மெலிகா, கர்தாயா, பெனி இஸ்குவென். இந்த ஊர்ச் சுவர்களில் ஒரு பூ கிடையாது. பள்ளிவாசலுக்குள்ளும் கிடையாது. பெரிய வணிகரின் வீட்டு வாசலும் ஏழையின் வீட்டு வாசலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். இத்தனைக்கும் இவற்றைக் கட்டியவர்கள் செத்ராத்தாவைக் கட்டிய அதே சமூகத்தார். செதுக்கத் தெரிந்த ஒரு சமூகம் உளியைக் கீழே வைத்துவிட்டு இந்த ஊர்களை எழுப்பியது. இன்று உலகமே படம் பிடித்துக் கொண்டாடும் அழகு அந்த முடிவிலிருந்து வந்தது.

கதை தொடங்குவது இன்னும் வடக்கே. 8ஆம் நூற்றாண்டில், இன்றைய தியாரெத் நகரத்தை ஒட்டி, தாஹெர்த் என்ற தலைநகரை அப்துர் ரஹ்மான் இப்னு ருஸ்தம் நிறுவினார். அவர் பாரசீக வழி வந்தவர். அவரை இமாமாக ஏற்றுக்கொண்ட மக்களில் பெரும்பாலோர் பெர்பர்கள், அதாவது வட ஆப்பிரிக்காவின் ஆதிக்குடிகளான அமாசிக் மக்கள். அவர்கள் பின்பற்றியது இபாதி நெறி. சுன்னி, ஷியா இரண்டிலும் சேராத, இஸ்லாத்தின் மிகப் பழைய கிளைகளில் ஒன்று. தலைமை குலத்தால் வரக்கூடாது, தகுதியால் வரவேண்டும் என்பது அதன் அடிப்படை. ஓமான் நாட்டில் இன்றும் அது பெரும் பகுதி மக்களின் நெறி.

தாஹெர்த் செழித்தது. சகாராவைக் கடந்து வரும் பொன்னும் உப்பும் கைமாறும் சந்தையாக இருந்தது. 909இல் ஃபாத்திமியப் படை அதை வீழ்த்தியது. இமாம் குடும்பத்தில் எஞ்சியவர்கள் வார்க்லாவுக்குத் தப்பினார்கள். மக்களும் தெற்கே நகர்ந்தார்கள். வார்க்லாவில் நிலத்தடி நீர் தானாகவே பொங்கி மேலே வரும். அந்தத் தண்ணீரும் வணிகமும் சேர்ந்து செத்ராத்தாவை வளர்த்தன. சுவர்களில் பூக்கள் மலர்ந்த காலம் அது.

ஆனால் வளமான இடத்தைத் தேடி எதிரியும் வருவான். தாஹெர்த்தில் பட்டவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது. செத்ராத்தா உயிரோடு இருந்தபோதே, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர்களில் ஒரு பகுதியினர் மஸாப் பக்கம் பார்வையைத் திருப்பினார்கள்.

மஸாப் எப்படிப்பட்ட இடம்? குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளங்கள் அறுத்துப் போட்ட சுண்ணாம்புக்கல் பீடபூமி. ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைத் தொடாது. வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஒரு காட்டாறு. ஒட்டகக் கூட்டத்தை ஓட்டி வரும் படைக்கு இங்கே எடுத்துப் போக ஒன்றுமில்லை. யாருக்கும் வேண்டாத நிலம் என்பதே அதன் பெரிய தகுதி.

முற்றிலும் ஆளில்லாத இடமும் இல்லை. மந்தை மேய்க்கும் பெர்பர் குடிகள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். வேறொரு இஸ்லாமியச் சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் வாளோடு போகாமல் மாணவர்களோடு போனவர் அபூ அப்துல்லா முகம்மது இப்னு பக்ர் என்ற அறிஞர். இமாமும் அரசும் இல்லாமல் போன ஒரு சமூகம் எப்படித் தன்னைத் தானே ஆள்வது என்ற கேள்விக்கு விடை தேடியவர் அவர். ஹல்கா என்ற அறிஞர் வட்டத்தை அவர் உருவாக்கினார். அதன் உறுப்பினர்கள் அஸ்ஸாபா எனப்படுவார்கள். பள்ளிவாசலில் கூடுவார்கள், ஊர் வழக்கைத் தீர்ப்பார்கள், படிப்பையும் சந்தையையும் பார்த்துக்கொள்வார்கள். பெண்கள் பக்கம் இதற்கு இணையாகத் திம்சிரிதின் என்ற குழு இருக்கிறது. இறந்த பெண்களைக் குளிப்பாட்டுவது அதன் கடமை, பெண்களின் ஒழுங்கு குறித்துப் பேசும் அதிகாரமும் அதற்குண்டு. அரசு செய்யும் வேலையை மஸாபில் இந்த அறிஞர் வட்டம் செய்தது. ஊரின் வடிவமும் இதிலிருந்துதான் பிறந்தது.

1012இல் முதல் ஊர், எல் அத்தூஃப். கடைசி ஊர் பிறந்தது 14ஆம் நூற்றாண்டின் நடுவில். ஐந்தும் பிறந்த முறை ஒன்றே. முதலில் மேட்டின் உச்சியில் பள்ளிவாசல். அதன் மினாரா கீழே அகன்று மேலே ஒடுங்கி, உச்சியில் நான்கு விரல்களை நீட்டிக்கொண்டு நிற்கும். பாங்கு சொல்லும் இடமாகவும் காவல் கோபுரமாகவும் அதுவே பயன்பட்டது. பள்ளிவாசலுக்குள்ளேயே தானியக் களஞ்சியமும் ஆயுதக் கிடங்கும் உண்டு. ஊர் முழுதும் விழுந்தாலும் கடைசியாக நின்று தாக்குப்பிடிக்க வேண்டிய இடம் அது. அதைச் சுற்றி வளையம் வளையமாக வீடுகள் மேட்டிலிருந்து இறங்கி வரும். கடைசி வளையத்து வீடுகளின் பின்சுவரோ தனி மதிலோ ஊருக்கு அரண். சந்தை விளிம்பில் இருக்கும். வெளியூர் வியாபாரி பொருளை விற்றுவிட்டு ஊருக்குள் நுழையாமலே திரும்பிவிடலாம். பெனி இஸ்குவெனில் இன்றும் அந்தச் சந்தைச் சதுக்கத்தில் ஏலம் நடக்கிறது. விற்பவர் பொருளைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார், சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் விலை கேட்பார்கள்.

மேடு நிரம்பிவிட்டால்? இங்கேதான் மஸாப் மற்ற நகரங்களிலிருந்து விலகுகிறது. பழைய ஊரைக் கண்டபடி நீட்டாமல் அடுத்த மேட்டில் அடுத்த ஊரைத் தொடங்கினார்கள். மறுபடி பள்ளிவாசல், மறுபடி வளையங்கள். 17ஆம் நூற்றாண்டில் இடம் போதாமலும் உட்பூசலாலும் பள்ளத்தாக்குக்கு வெளியே குவெர்ராரா, பெர்ரியான் என்று இன்னும் இரண்டு பிறந்தன. பாங்கு கேட்கும் தூரத்துக்குள், ஒருவரை ஒருவர் தெரிந்த அளவுக்குள் ஊர் அடங்க வேண்டும் என்ற இந்த எண்ணத்தை, நகரத் திட்டம் படிக்கிறவர்கள் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும் என்பேன்.

மேட்டில் வீடு கட்டக் காரணம் பாதுகாப்பு மட்டுமல்ல. கீழே இருக்கும் மண் பயிருக்கு வேண்டும். பாறை மனிதருக்கு, வண்டல் மரத்துக்கு. ஒவ்வொரு ஊருக்கும் காட்டாற்றை ஒட்டி ஒரு பேரீச்சந்தோப்பு. கோடையில் குடும்பங்கள் மேட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, தோப்புக்குள் இருக்கும் கோடைவீட்டுக்குக் குடிபெயரும். அந்தத் தோப்பு இயற்கையாக வளர்ந்த சோலை அல்ல. ஒவ்வொரு மரமும் கிணறு வெட்டி, தண்ணீர் இறைத்து வளர்த்தது.

வார்க்லாவைப் போல இங்கே தண்ணீர் பொங்கி வராது. பாறையைக் குடைந்து ஆயிரக்கணக்கில் கிணறுகள் வெட்டினார்கள். இறைத்தது கமலையில். நம் ஊர்க் கமலையை அறிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: தோல் சால், அதன் அடியில் தண்ணீர் கொட்டும் தோல் வால், இரண்டு கயிறு, சரிவான பாதையில் இறங்கி இழுக்கும் மிருகம். அங்கே மாட்டுக்குப் பதில் கழுதை அல்லது ஒட்டகம். விடியுமுன் தொடங்கும் கப்பிகளின் கிறீச்சொலி பள்ளத்தாக்கு முழுதும் கேட்கும். மோட்டார் வந்தபின் அது அடங்கிவிட்டது.

ஆனால் இறைத்துக்கொண்டே இருந்தால் கிணறு வற்றிவிடும். அதை நிரப்ப வருவது காட்டாற்று வெள்ளம். சில வருடம் வரும், சில வருடம் வராது. வந்தால் சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். வருவதே அரிது, வந்தால் ஆபத்து. அப்படிப்பட்ட தண்ணீரைச் சண்டையில்லாமல் பங்கிடக் கர்தாயா தோப்பில் அவர்கள் செய்த ஏற்பாட்டை அருகில் போய்ப் பார்க்கலாம்.

ஆற்றின் ஓரத்தில் கல்லும் காரையுமாகக் கட்டிய ஒரு மதகு. அதன் முகத்தில் சீப்புப் பல் போல வரிசையாகக் கல் தடுப்புகள், தடுப்புக்கும் தடுப்புக்கும் இடையே குறுகிய இடைவெளி. வெள்ளம் அந்த இடைவெளிகளில் நுழையும்போதே அதன் வேகம் உடைந்துவிடும். பிறகு தரைக்கு அடியில் செல்லும் சுரங்க வாய்க்கால்களில் இறங்கும். உள்ளே அடைபடும் காற்று சுவரை வெடிக்கச் செய்யாதபடி மேலே வழிநெடுகக் காற்றுத்துளைகள். சுரங்கத்தை விட்டு வெளியே வரும் தண்ணீர் தோப்பின் சந்துகளில் பாயும். ஆம், நடக்கிற சந்தும் வாய்க்காலும் அங்கே ஒன்றுதான். வறண்ட நாளில் மனிதரும் கழுதையும் போகும் வழி, வெள்ளநாளில் தண்ணீரின் வழி. இரு பக்கமும் தோட்ட மதில்கள். ஒவ்வொரு மதிலின் அடியிலும் ஒரு மடைத்துவாரம். துவாரத்தின் அளவு அந்தத் தோட்டத்தில் நிற்கும் பேரீச்ச மரங்களின் கணக்குப்படி. யார் வலியவர், யார் முதலில் ஓடி வந்தார் என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. கல் அளந்து கொடுத்துவிடும். எல்லோரும் குடித்தது போக மிஞ்சுவது தோப்பின் மறுமுனையில் மீண்டும் ஆற்றில் சேரும், அல்லது கிணறுகளுக்குள் இறங்கி நிலத்தடியை நிரப்பும். இந்தத் துவாரங்களைச் சரிபார்க்க, வண்டல் அள்ள, உடைந்ததைக் கட்ட என்று ஊர் நியமித்த நம்பிக்கையான ஆட்கள் உண்டு. வெள்ளம் வரும் செய்தி மேல்பக்கத்துக் காவல் கோபுரங்களிலிருந்து வரும். பழுதுபார்ப்பு திவிஸா முறையில் நடக்கும்: கூலியில்லாமல் ஊரே சேர்ந்து உழைப்பது. பெர்பர் ஊர்கள் பலவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. மஸாபில் அதற்கு உயிர்த்தேவை இருந்தது.

தண்ணீரைப் பங்கிட்ட அதே நியாயத்தில்தான் வெயிலையும் காற்றையும் பங்கிட்டார்கள். ஒருவர் வீட்டை உயர்த்தினால் பக்கத்து வீட்டு முற்றத்தில் விழும் வெயில் குறையக்கூடாது. மொட்டைமாடியில் நின்றால் அடுத்த வீட்டுக்குள் பார்வை விழக்கூடாது. அதற்காக மாடிச்சுவர் ஆள் உயரம். எதிரெதிர் வீடுகளின் வாசல் நேருக்கு நேர் வரக்கூடாது. தகராறு வந்தால் கட்டட வழக்கம் அறிந்த பெரியவர்கள் நேரில் பார்த்துத் தீர்ப்பார்கள். மேட்டின் சரிவில் வீடுகள் படிப்படியாக இறங்குவதைப் படத்தில் பார்த்து மயங்குகிறோமே, அந்தப் படிக்கட்டு அமைப்பை உண்டாக்கியது இந்த விதிதான். பின்வீட்டின் வெயிலை முன்வீடு மறைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நேராக உள்ளே பார்க்க முடியாது. ரேழி ஒரு திருப்பம் திரும்பும். திரும்பினால் நடுக்கூடம். அதன் கூரையில் சதுரமாக ஒரு திறப்பு, மேலே இரும்புக் கம்பி வலை. வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் பெரும்பாலும் அந்த ஒரு திறப்பின் வழியாகத்தான். கோடைப் பகலில் அதன்மேல் துணியை இழுத்து மூடிவிடுவார்கள், இரவில் விலக்குவார்கள். கூடத்தை ஒட்டிப் பெண்கள் கூடும் அறை. தறி அங்கேதான் நிற்கும்.

சுவர் கல். சாந்துக்குப் பெயர் திம்ஷெந்த். அந்த வட்டாரத்திலேயே கிடைக்கும் ஜிப்சக் கல்லைச் சூளையில் சுட்டுப் பொடித்துக் குழைப்பது. மிக வேகமாக இறுகிவிடும். கரண்டி தேடி எடுக்க நேரமிருக்காது. கையாலேயே அப்பி, கையாலேயே தடவ வேண்டும். அதனால் உட்சுவர்களில் கொத்தனாரின் விரல்தடம் அப்படியே இருக்கும். வளைவு கட்ட மர அச்சு கிடையாது, மரமே அருமை. பேரீச்ச மட்டைகளைக் கட்டுக்கட்டாக வளைத்து வைத்து அதன்மேல் கல்லும் சாந்தும் ஏற்றுவார்கள். ஒரு மட்டை வளைவது போல இன்னொன்று வளையாதே! அதனால் ஒரே வரிசையில் நிற்கும் வளைவுகள்கூட ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறியிருக்கும். வெளிச்சுவருக்குச் சுண்ணாம்புக் காரையைப் பேரீச்சங்குலையின் காம்பால் அடித்து அடித்து ஏற்றுவார்கள். மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்பின் ஒவ்வொரு மேடும் பக்கத்துப் பள்ளத்துக்கு நிழல் தரும். சுவர் சூடேறுவது குறையும். செத்ராத்தாவில் இதே ஜிப்சத்தில்தான் பூ செதுக்கினார்கள். மஸாபில் அந்தப் பூவுக்குச் செலவாகும் நேரமும் பொருளும் கிணற்றுக்குப் போயின.

சிக்கனம் வீட்டோடு நிற்கவில்லை. கல்யாணச் செலவுக்கும், மணமகன் மணமகளுக்குத் தரும் மஹருக்கும் அறிஞர் வட்டம் வரம்பு விதிக்கும். மையவாடியில் கல்லறைகளின் மேல் பெயர் இருக்காது. குடும்பத்தார் அடையாளம் கண்டுகொள்ள ஓர் உடைந்த சட்டியோ பானையோ கிடக்கும். செல்வத்தைக் காட்டக்கூடாது என்ற விதி சாவிலும் தொடர்ந்தது.

செல்வம் இல்லாமல் இல்லை. பேரீச்சை மட்டும் இத்தனை பேருக்குச் சோறு போடாது. ஆண்கள் அல்ஜியர்ஸ், கான்ஸ்டன்டைன், ஒரான் என்று வடக்கு நகரங்களுக்குப் போய் மளிகைக் கடையும் துணிக் கடையும் நடத்தினார்கள். பணம் பள்ளத்தாக்குக்கு வந்தது. பெண்கள் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறக்கூடாது என்ற கட்டுப்பாடு 20ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. ஆண்கள் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் அதுதான் என்று சமூகம் கருதியது. ஊர் ஆயிரம் ஆண்டு நிலைத்ததற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால், வருடக்கணக்கில் கணவன் முகம் காணாமல் தறியோடும் குழந்தைகளோடும் இருந்த பெண்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்த ஊர்களின் சமத்துவத்தைப் புகழும் புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு ஒப்புதல் இல்லை.

1853இல் பிரான்சோடு உடன்படிக்கை, 1882இல் முழு இணைப்பு. அதன்பின் வெளியுலகக் கண்கள் பள்ளத்தாக்குக்குள் வந்தன. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1931இல் வந்தார். 1933இல் துராஃபூர் என்ற விமானியோடு மேலே பறந்து பார்த்தார். தெருவில் நடந்தால் குருட்டுச் சுவர்களாகத் தெரிந்த வீடுகள், மேலிருந்து பார்த்தபோது ஒவ்வொன்றும் திறந்த முற்றமாக விரிந்தன. அது அவரை மிகவும் பாதித்தது. எல் அத்தூஃபின் மையவாடியில் சீதி இப்ராஹிம் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. பாதி தரைக்குள் இறங்கிய, கையால் பிசைந்து செய்தது போன்ற, தடித்த சுவரில் ஒழுங்கற்ற சிறு துளைகள் வழியே ஒளி நுழையும் வெள்ளைக் கட்டடம். 1955இல் முடிந்த லெ கொர்பூசியேயின் ரோன்ஷாம் தேவாலயத்துக்கு இதுவே தூண்டுதல் என்று பலரும் சொல்வார்கள். இரண்டின் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றும்.

ஆனால் மஸாபை உண்மையாகப் படித்தவர் ஆந்த்ரே ராவெரோ. 1949இல் மாணவராக வந்தவர், பிறகு பல ஆண்டுகள் அங்கேயே வேலை செய்து, அந்த ஊர்களைப் பாதுகாக்கும் பணிக்கு அடித்தளம் போட்டார். அவருடைய மனைவி மனுவெல் ரோஷ் புகைப்படக் கலைஞர். இன்று நம் கண்ணில் பதிந்திருக்கும் மஸாப், வெள்ளைச் சுவரும் நீண்ட நிழலுமாக, பெருமளவு அவர் எடுத்த படங்களிலிருந்து வந்தது. ராவெரோவின் மஸாப் நூல் 1981இல் வெளிவந்தது. முன்னுரை எழுதியவர், எகிப்தில் மண்வீடுகளுக்காகப் போராடிய ஹஸன் ஃபத்ஹி. அடுத்த ஆண்டே யுனெஸ்கோ பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

படம் எடுப்பதற்கும் அங்கே விதி உண்டு. பெனி இஸ்குவெனுக்குள் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது, மனிதர்களைப் படம் எடுக்கக்கூடாது. வெள்ளைப் போர்வையில் ஒரு கண் மட்டும் தெரிய நடந்துபோகும் பெண்ணைப் படம் பிடிக்கக் கை துடிக்கும் பயணிகள் உண்டு. அந்த ஊர் கட்டப்பட்டதே பார்வையிலிருந்து காக்கத்தான் என்பது புரிந்தால் கேமராவைத் தாழ்த்துவது கடினமில்லை. மேட்டையும் மினாராவையும் வளையங்களையும் எதிர்மேட்டிலிருந்து எடுக்கலாம். நல்ல படங்கள் அங்கிருந்து வந்தவைதான்.

20ஆம் நூற்றாண்டில் பழைய விதிகள் தளர்ந்தன. ஆழ்துளைக் கிணறு வந்தது, மோட்டார் வந்தது, எண்ணெய் வயல்களுக்குப் போகும் சாலை வந்தது. மக்கள் பெருகினார்கள், முன்னோர் மரத்துக்கும் ஆற்றுக்கும் விட்டு வைத்த பள்ளத்தில் கான்கிரீட் வீடுகள் முளைத்தன. 2008 அக்டோபர் 1ஆம் தேதி காட்டாறு பெருகி வந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், தாழ்ந்த பகுதிகளில் வீடுகள் இடிந்தன. பாறைமேல் நின்ற பழைய ஊர்களை வெள்ளம் எட்டவில்லை. எங்கே வீடு கட்டக்கூடாது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பு தெரிந்திருந்ததை நம் காலத்தார் மறந்தார்கள் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. அந்தக் காயம் ஆறுமுன் 2013 முதல் 2015 வரை மஸாப் மக்களான மொஸாபியருக்கும் அரபு மொழி பேசும் அண்டை மக்களுக்கும் இடையே கலவரங்கள் நடந்து பல உயிர்கள் போயின.

இத்தனைக்கு நடுவிலும் புது மேட்டில் புது ஊர் தொடங்கும் வழக்கம் நிற்கவில்லை. 1990களின் கடைசியில் பெனி இஸ்குவெனுக்கு மேலே வெறும் பாறைமேட்டில் தாஃபிலெல்த் என்ற புதிய ஊர் தொடங்கியது. அமிதூல் என்ற அறக்கட்டளை முன்னின்றது. அரசு உதவி, வாங்குபவர் பணம், திவிஸா உழைப்பு மூன்றையும் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் வீடுகள் எழுந்தன. தோப்பு நிலத்தில் ஓர் அடிகூட எடுக்கவில்லை. கல், ஜிப்சம், சுண்ணாம்பு அந்த மண்ணுடையவை, சந்துகள் குறுகியவை, நடுமுற்றம் உண்டு, அண்டை வீட்டின் வெயிலை மறைக்கக்கூடாது என்ற விதியும் உண்டு. காரும் குளியலறையும் வேண்டும் என்று கேட்டவர்களுக்காக வழக்கத்தைக் கொஞ்சம் நெகிழ்த்தினார்கள். குடிவருபவர் மூன்று மரம் வைத்து வளர்க்க வேண்டும்: ஒரு பேரீச்சை, ஒரு கனிமரம், ஓர் அழகு மரம். 2016இல் மராகேஷில் நடந்த காலநிலை மாநாட்டில் இந்த ஊருக்கு விருது கிடைத்தது. தாஃபிலெல்த் தனியாகவும் நிற்கவில்லை. பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மேடுகளில் தினெமிரின் போன்ற வேறு புதிய ஊர்களும் இதே வழியில் எழுந்திருக்கின்றன.